யாரும் கைவைக்காத படம்

என் கடைக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள், நான் எல்லோரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல மழை வருவதை ரேடியோவுக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பதாகப் போனில் சொன்னாய், நான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதைப் பின்னால் எழுதுகிறேன், முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் மறந்துவிடுவேன். அண்ணனின் மூத்தவள், நம் மீன்குட்டி, நீச்சல் போட்டியில் நீண்ட தூரப் பிரிவில் முதலாவதாக வந்து மெடல் வாங்கிவிட்டாள், இரண்டாவதாக வந்தவள் சுவரைத் தொடும்போது இவள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள் என்று அவள் கோச்சே சொன்னார். நடுவுள்ளவன், எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்டு எல்லோரையும் துளைக்கிறவன், தீக்குச்சியால் ஒரு பாலம் கட்டிப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைத்தான், அதன்மேல் தலைமையாசிரியர் ஒரு தடித்த அகராதியை வைத்தும் உடையவில்லை, பரிசு அவனுக்குத்தான். சின்னவள் பட்டாணிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, அப்படியும் காற்றுப் போகப் போக ஒரு பக்கம் முழுக்க நிறுத்தாமல் வாசித்து டீச்சரிடம் கைதட்டு வாங்கினாள். அப்புறம் நீ. பஸ் கம்பெனியில் எந்த வண்டி எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று எழுதுகிற வேலையில் சேர்ந்தவள், இப்போது அந்தப் பிரிவுக்கே தலைவி. ஒரு நகரமே உன் பென்சிலுக்குப் பயந்து ஓடுகிறது என்று நம் போட்டோக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் மகள், அதையும் சேர்த்தே சொன்னேன்.

ஆனால் உன் கம்பெனிப் பத்திரிகையில் வந்த சேதியை நீ அனுப்பினாயே, அதில் போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். அந்தப் படம் உன் கல்யாணத்துக்கு முன்னால் நம் கடையில் எடுத்தது. பின்னால் இருக்கிற நீலத் திரையில் ஓரத்தில் ஒரு ஒட்டு இருக்குமே, அதைத் தைத்தவளே நான்தான், எனக்குத் தெரியாதா. புதுப் பதவி வாங்கினவள் எதற்காகப் பழைய முகத்தைக் கொடுத்தாள் என்று அன்றைக்கே எனக்கு உறுத்தியது. அதற்கு மேல், கடையின் முன் கண்ணாடிப் பெட்டியில் நம் குடும்பப் படம் ஒன்று எப்போதும் இருக்குமே, அதில் பட்டாணி இல்லை, அவள் பிறப்பதற்கு முன்னால் எடுத்தது, அதனால் பள்ளி விடுமுறையில் எல்லோருமாக நின்று புதிதாக எடுக்கலாம், நீ வா என்றேன். லீவு இல்லை என்றாய். அடுத்த விடுமுறையில் என்றேன், அப்போதும் இல்லை என்றாய். ஊருக்கே நேரம் போடுகிறவளுக்கு அம்மாவைப் பார்க்க நேரம் இல்லையா என்று அண்ணியிடம் புலம்பினேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே நின்றாள், கழுவின தட்டையே திரும்பக் கழுவினாள். அப்போதுதான் அவளுக்கு ஏதோ தெரியும் என்று எனக்குப் பட்டது. குழாயை மூடிவிட்டு, சொல்லுடி என்றேன். சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, உன் ரகசியத்தை அவள் நெடுநாள் காப்பாற்றினாள், என்னிடம் அகப்பட்ட பிறகு அவளால் என்ன செய்ய முடியும்.

மாதவிலக்கு மாசக்கணக்கில் வராமல் இருப்பது, உடம்பு போட்டது, தாடையிலும் மேலுதட்டிலும் முடி வளர்வது, ஸ்கேனில் சினைப்பை முழுக்க நீர்க்கட்டி என்று சொன்னது, ரத்தத்தில் ஆண் ஹார்மோன் கூடுதலாக இருக்கிறதென்று எழுதியிருப்பது, குழந்தைக்காக நீங்கள் இருவரும் வைத்தியம் பார்ப்பது, கருமுட்டையை வெளியே எடுக்கப் போவது, எல்லாம் சொன்னாள். முட்டையோடு சேர்ந்து வருகிற நீரை எறிந்துவிடாமல், அதில் என்னென்ன ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கிற ஆராய்ச்சிக்குத் தருவாயா என்று உன் டாக்டர் கேட்டதையும், நீ இன்னும் பதில் சொல்லாமல் இருப்பதையும் சொன்னாள். கடைசியில், தயங்கித் தயங்கி, 'அவங்களுக்கு இப்ப யாரும் தன்னைப் பாக்கறதே பிடிக்கலை அத்தே' என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் குத்தியது. வியாதி யாருக்கும் வரும். என் மகளைப் பார்ப்பது என் உரிமை, அதை எடுத்துக்கொண்டு போக எந்த ஹார்மோனுக்கும் நான் அனுமதி கொடுக்கவில்லை.

மறுநாளே அண்ணியைக் கூட்டிக்கொண்டு நம் தெருமுனை ஆஸ்பத்திரியில் இருக்கிற லேடி டாக்டரிடம் போனேன். உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை, என் மகளுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள், அவசரம் இல்லை, கடைசி டோக்கன்தான் வாங்கியிருக்கிறேன் என்றேன். அவள் சிரித்துவிட்டு மருந்துச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் படம் போட்டாள். நல்ல பெண், ஆனால் படம் போடத் தெரியவில்லை, சினைப்பை உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. அவள் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன். முதல் விஷயம், அது கட்டியே இல்லையாம். ஒவ்வொன்றும் ஒரு சின்ன நீர்ப்பை, அதற்குள் ஒரு முட்டை. எல்லாப் பெண்ணுக்கும் மாசாமாசம் சில பைகள் வளரத் தொடங்கி, அதில் ஒன்று பெரிதாகி முட்டையை வெளியே விடும். உனக்கு நிறையப் பைகள் தொடங்குகின்றன, ஆனால் எல்லாம் பாதி வளர்த்தியில் நின்றுவிடுகின்றன. இரண்டாவது விஷயத்தை நன்றாகக் கேள். ஆண் ஹார்மோன் என்று சொல்கிறார்களே, அது எல்லாப் பெண்ணுடைய சினைப்பையிலும் ஊறுவதுதானாம். அந்தப் பையின் வெளிச்சுவர் அதை ஊற வைக்க, உள்சுவர் அதையே வாங்கிப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறதாம். அது இல்லாமல் இது இல்லை. உனக்கு வெளிச்சுவர் அளவுக்கு மேல் சுறுசுறுப்பு, உள்சுவர் பாதியில் நிற்பதால் அத்தனையையும் மாற்றி முடிப்பதில்லை, மிச்சம் தங்கிப்போய் ரத்தத்திலும் கலந்து முகத்தில் முடியாக வருகிறது. ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிற இன்சுலின் கூடிப்போனால் அது வேறு வெளிச்சுவரைக் கிளப்பிவிடுகிறதாம். ரத்தத்தில் பார்க்கிற அளவு ஒன்று, பைக்குள்ளேயே இருக்கிற அளவு வேறு, உள்ளே அது பல மடங்கு இருக்கும், அதனால்தான் அந்த நீரையே எடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இருட்டறையில் உன் அப்பாவோடு நின்று நான் படம் கழுவியிருக்கிறேன் இல்லையா. முதல் தட்டில் போட்ட காகிதத்தில் உருவம் வந்ததும் அடுத்த தட்டுக்கு மாற்ற வேண்டும், மாற்றாமல் விட்டால் முதல் தட்டு மருந்து வேலை செய்துகொண்டே இருக்கும், படம் கறுத்துக்கொண்டே போகும். மருந்தின்மேல் குற்றம் இல்லை, காகிதத்தின்மேலும் குற்றம் இல்லை, அடுத்த தட்டுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். டாக்டரிடம் இதைச் சொன்னேன், கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாள், கிட்டத்தட்ட என்ற வார்த்தையை அழுத்தித்தான் சொன்னாள், பரவாயில்லை. இது அவள் செய்த தப்பா, தின்ற தப்பா, நான் வளர்த்த தப்பா என்று கேட்டேன். யார் தப்பும் இல்லை, பத்துப் பெண்களைக் கூப்பிட்டு நிறுத்தினால் ஒருத்திக்காவது இருக்கும், குடும்பத்தில் தொடர்ந்தும் வரும், உங்கள் வீட்டில் வேறு பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றாள். அப்படியே என் முகவாயைப் பார்த்தாள். பார்க்கட்டுமே. அங்கே நாலு முடி எனக்கும் இருக்கிறது, நரைத்ததால் யாருக்கும் தெரிவதில்லை.

வீட்டுக்கு வந்தால் மாடி அத்தை படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். உன் அப்பாவின் தங்கைக்குக் காது எவ்வளவு நீளம் என்று உனக்கே தெரியும், நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது. 'அப்ப நம்ம பொண்ணுக்குள்ள ஒரு ஆம்பளை உக்காந்திருக்கான்னு சொல்லுங்க' என்றாள். அப்படி ஒருத்தன் இருந்திருந்தால் இத்தனை வருஷத்துக்கு வாடகையாவது வசூல் பண்ணியிருப்பேன் என்றேன். அவள் விடவில்லை. 'சிரிக்காதீங்க அண்ணி, இதெல்லாம் வெளிய தெரியலாமா, உள்ள இருக்கற தண்ணியை எடுத்து யார்கிட்டயோ குடுக்கறதாமே, நாலு பேர் அளந்து பாக்கற விஷயமா அது' என்றாள். எனக்கு வந்ததே கோபம். 'உனக்குக் கண்ணுல புரை வந்தப்ப டாக்டர் அளந்துதானே கண்ணாடிச்சில்லு வெச்சாரு, நமக்கு முன்னாடி யாரோ நூறு பேர் கண்ணைக் காட்டலைன்னா அந்த அளவு அவருக்கு எப்படித் தெரியும், நீ இந்நேரம் சுவத்தைத் தடவிட்டுப் போயிட்டிருப்ப' என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போயிற்று, எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. நான் திரும்பி அந்த ஜன்னலுக்கும் சேர்த்துச் சொன்னேன், என் மகளுக்குச் சினைப்பையில் ஹார்மோன் கூடியிருக்கிறது, அதற்கு வைத்தியம் நடக்கிறது, வேறு ஏதாவது தெரிய வேண்டுமா என்று. ஜன்னல் மூடிக்கொண்டது. அதனால் நீ அந்த நீரைக் கொடுப்பதாக இருந்தால் தாராளமாகக் கொடு. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், அது உன் உடம்பு. வெட்கத்துக்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தில் இவ்வளவு கோபம் இருந்திருக்காது. அடுத்த வாரம் மீன்குட்டி மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள், பள்ளிக்கூடப் பலகையில் மாட்ட ஒரு படம் வேண்டுமாம். நான் உள்மேஜையில் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் விளக்கைப் போட்டு எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தான். இவள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று, தாடைக்குக் கீழே தன் விரலால் தடவிக்கொண்டே, 'அப்பா, அத்தைக்குப் பண்ணின மாதிரி எனக்கும் பண்ணிடுங்கப்பா' என்றாள். அத்தை என்றால் நீ. என் கத்தரிக்கோல் அப்படியே நேராகப் போய்விட்டது, பாவம் யாரோ ஒரு மனிதரின் காது போயிற்று, அவருக்கு வேறு படம் போட்டுக் கொடுத்தோம். அத்தைக்கு என்னடா பண்ணினே என்று கேட்டேன். உன் அண்ணன் எலியைக் கையில் பிடித்தவன் மாதிரி அந்த மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மீன்குட்டிதான் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். நீ போன முறை வந்தபோது மேஜையில் கை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது எடுத்தானே, பெரிதாகப் போட்டு நடுவில் வைத்திருந்தானே, அந்தப் படம்.

தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பவள் நான். உன் முகம் அதில் அவ்வளவு பளிச்சென்று இருப்பதைப் பார்த்து வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மேலுதட்டில் இருந்ததை எடுத்திருக்கிறான். தாடை ஓரத்தைத் துடைத்திருக்கிறான். கன்னத்தை ஒட்ட வைத்து, கையை மெலிய வைத்து, கழுத்தில் இருந்த கறுப்பை வெளுத்து, எனக்கே தெரியாத ஒரு பெண்ணை உன் சிரிப்புக்குள் உட்கார வைத்திருக்கிறான். நீ ஊருக்குக் கிளம்பின காலையில் வண்டி வரும்வரை அந்தப் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றாயாம். மீன்குட்டி உன் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறாள். 'இது யாருடி, நல்லா இருக்காளே' என்று கேட்டுவிட்டுச் சிரித்தாயாம். குழந்தை வேடிக்கை என்று நினைத்து அவளும் சிரித்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் உன்னிடமிருந்து ஒரு படம்கூட வரவில்லை என்பது, அந்த இடத்தில், கையில் கத்தரிக்கோலோடு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

உன் அண்ணனை நான் திட்டினதை முழுதும் எழுதினால் தபால்காரர் கூச்சப்படுவார். அவன் சொன்னதையும் எழுத வேண்டும், அதுதான் நியாயம். 'எல்லாருக்கும் பண்றதுதானேம்மா, வர்றவங்க கேட்டு வாங்கறாங்க, தங்கச்சி நல்லா இருக்கட்டுமேன்னுதான் ராத்திரி பகலா உக்காந்து பண்ணேன்' என்றான். அவள் உன்னிடம் கேட்டாளா என்றேன். அவன் பொய் சொல்லவில்லை, ஆசையோடுதான் செய்திருக்கிறான், நம் வீட்டில் ஒருவர்மேல் பிரியம் வந்தால் உடனே டச்சிங் பண்ணத் தோன்றிவிடுகிறது, தொழில் புத்தி. சரி, எடுத்தபடியே இருக்கிற படத்தைப் போடு, இப்போதே மாட்டு என்றேன். தேடினான், தேடினான், காது சிவந்து போயிற்று. வேலை முடிந்ததும் அதே பெயரிலேயே பழையதன்மேல் போட்டுச் சேமித்துவிட்டானாம். உன் உண்மையான சிரிப்பு இருந்த படம் இந்த உலகத்தில் இல்லை. கவுண்டரில் இருந்த உன் அப்பா அவன் பக்கம் திரும்பினார். 'நானும் நெகட்டிவ்ல பென்சில் வெச்சு டச்சிங் பண்ணவன்தான்டா. ஆனா நான் போட்ட கோட்டைத் துடைச்சா முகம் திரும்பி வரும். நீ முகத்தையே துடைச்சுட்டியே' என்றார். அவ்வளவுதான் சொன்னார், எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார், முழங்கால் வலியோடு.

நான் அந்தப் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். அது நல்ல படம்தான், யாருக்காவது அப்படி ஒரு மகள் இருந்தால் கொடுத்துவிடலாம். பிறகு அண்ணனைப் பார்த்து, பாஸ்போர்ட் படத்துக்கு நீ டச்சிங் பண்ணுவாயா என்று கேட்டேன். 'ஐயோ கூடாதும்மா, திருப்பி அனுப்பிடுவாங்க' என்றான். மச்சம் இருந்தால் எடுப்பாயா, தழும்பு இருந்தால் எடுப்பாயா என்றேன். கூடாது கூடாது என்றான். எல்லையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற, நம்மை முன்பின் பார்த்திராத ஆபீசருக்கே முகம் இருக்கிறபடி வேண்டும் என்றால், பெற்ற எனக்கு மட்டும் வேறு முகம் போதுமா என்று கேட்டேன். அப்புறம் மீன்குட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டாக்டர் போட்ட உருளைக்கிழங்குப் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், வெளிச்சுவர் உள்சுவர் எல்லாம். அவள் என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டாள். எனக்கும் ரெண்டு மாசம் வரலை பாட்டி என்று மெதுவாகச் சொன்னாள். அண்ணி அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறாள், பயப்பட ஒன்றும் இல்லை, வயசுக்கு அப்படியும் இருக்கும், பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள் டாக்டர். மெடல் படத்தை என்ன செய்யட்டும் என்று அவளையே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அப்படியே போடுங்க பாட்டி, தண்ணிக்குள்ள யாரு தாடையைப் பாக்கறா' என்றாள். இப்போது கண்ணாடிப் பெட்டியில் அவள்தான் இருக்கிறாள், கண்ணைச் சுற்றி நீச்சல் கண்ணாடி அழுத்தின வளையத்தோடு, நெற்றிப் பருவோடு, தாடை முடியோடு, பல்லெல்லாம் தெரிய. மாடி அத்தை பார்த்துவிட்டு, நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் இதையும் பார்ப்பார்களே என்றாள். பார்க்கட்டும், நீந்தத் தெரியாதவன் அந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பப் படமும் எடுத்தாயிற்று. நீ இல்லாமல் எப்படி எடுத்தோம் என்று முகத்தைத் தூக்காதே, முழுதும் கேள். எனக்கும் அண்ணிக்கும் நடுவில் உனக்கு இடம் விட்டு நிற்க வைத்தேன். அண்ணன் டைமரை வைத்துவிட்டு ஓடி வந்து நின்றான். எடுத்து முடித்ததும் பழக்கம் விடாமல், 'அம்மா, தங்கச்சியோட பழைய படத்துலேருந்து எடுத்து இந்த இடத்துல வெச்சிடட்டுமா, ஒருத்தருக்கும் தெரியாது' என்று ஆரம்பித்தான், என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விழுங்கிவிட்டான். அந்த இடம் காலியாகவே இருக்கிறது. அப்படியே ஃப்ரேம் போட்டுக் கடைக்குள் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், ஒருவர் அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியாவது வைத்திருக்கலாமே என்றார். அது என் மகள் நிற்கிற இடம், அவள் வந்துகொண்டிருக்கிறாள் என்று சொன்னேன்.

உனக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும், புத்திமதி என்று நினைத்தாலும் சரி. வேளைக்குச் சாப்பிடு, பட்டினி போட்டு உடம்பைக் குறைக்கப் பார்க்காதே. தினமும் நட, நடந்தால் அந்த இன்சுலின் அடங்கி வெளிச்சுவரும் கொஞ்சம் அடங்கும் என்று டாக்டர் சொன்னாள், உன் பஸ்ஸை ஒரு நிறுத்தம் முன்னாலேயே விட்டு இறங்கு, நேரம் போடுகிறவளே நீதானே. மாத்திரையை நீயாக நிறுத்தாதே. முகத்து முடியை எடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் எடு, நூலோ மெழுகோ லேசரோ எது உனக்கு வசதியோ அது, எடுத்தால் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். எங்களுக்காக என்றால் ஒரு முடியைக்கூட எடுக்காதே. குழந்தை வந்தால் நான் அங்கே வந்து பெட்டியைப் பிரித்து உட்கார்ந்துவிடுவேன், மாப்பிள்ளையை எச்சரித்து வை. வராவிட்டால் நீ எனக்கு எந்தக் கடனும் பட்டவள் இல்லை. என் மகள் என்கிற வேலையில் நீ என்றைக்கோ பாஸ். ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை கூடவே வந்து வெளியே காத்திருக்கிறார் என்று அண்ணி சொன்னாள், அவரிடம் என் சந்தோஷத்தைச் சொல். உன் ரிப்போர்ட்டில் எந்த எண் எந்தக் கோட்டைத் தாண்டியிருந்தாலும் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தலை குனியாதே. அது உன் சினைப்பையின் ஒரு நாள் கணக்கு. உன்னை அளக்கிற அளவு யாரிடமும் இல்லை, என்னிடம்கூட.

நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், நடந்த இடமெல்லாம் நிமிர்ந்து நடக்க வேண்டும், மாப்பிள்ளையும் நீயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், இதுதான் என் ஆசி, அப்பாவுடையதும் இதிலேயே சேர்த்தி, அவர் தனியாக எழுத மாட்டார். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. உன் படம் ஒன்று எடுத்து அனுப்பு, இன்றைக்கு இருக்கிற முகத்தோடு, நீ வரும்வரை அந்தக் காலி இடத்தில் வைக்க. போனில் அனுப்பாதே, போனில் வந்தால் அது கம்ப்யூட்டருக்குப் போகும், கம்ப்யூட்டருக்குப் போனால் உன் அண்ணனின் கை சும்மா இருக்காது. அங்கேயே காகிதத்தில் பிரிண்ட் போட்டு, கடை முகவரிக்கு இல்லாமல் வீட்டு முகவரிக்கு, என் பெயருக்குத் தபாலில் போடு, நான்தான் பிரிப்பேன். இந்தக் கவருக்குள் கனமான அட்டை இரண்டு இருக்கும் பார், படம் மடங்காமல் வருவதற்காக உன் அண்ணன் அளந்து வெட்டி வைத்தது. அவனுக்கு வாயால் மன்னிப்புக் கேட்கத் தெரியாது, அட்டையாக வெட்டத்தான் தெரியும், அதை வாங்கிக்கொள். படம் சின்னதாகத் தெரியுமோ, நான் அந்த இடத்துக்குப் பெரிதாகத் தெரிவேனோ என்றெல்லாம் யோசிக்காதே. இடம் விடும்போது அண்ணி கேட்டாள், எவ்வளவு தள்ளி நிற்கட்டும் அத்தை என்று. அவள் இப்போது இருக்கிற அளவுக்கு நில் என்றேன். நன்றாகவே தள்ளி நின்றோம்.

கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு, உன் புதுப் படத்துக்காகத் தபால்காரரின் வழி பார்த்திருக்கும்,

உன் அம்மா